சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டாருக்கு: குறுகிய நெடுஞ்சாலைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

சுங்கை பட்டாணிக்கும் அலோர் ஸ்டாருக்கும் நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். கோலாலம்பூர் போவதென்றால் முந்தின நாளே எண்ணெய் போட்டு, டயரில் காற்றுப் பார்த்து, பொருள்களை அடுக்கி வைக்கிறோம். அலோர் ஸ்டார் என்றால் "பக்கத்தில்தானே" என்று சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஆனால் வண்டி அதே வண்டி, சாலை அதே சாலை, வேகமும் அதே வேகம். தேய்ந்த டயர் வெடிப்பதற்கு 300 கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சுங்கை பட்டாணி, பீடோங், செமிலிங், புக்கிட் செலம்பாவ் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருந்துகொண்டு, மருத்துவமனைக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கோ அலோர் ஸ்டார் போய் வர நினைப்பவர்களுக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. லைசென்ஸ் எடுத்துப் புதிதாக நெடுஞ்சாலையில் இறங்கும் பிள்ளைகளும், அவர்களை நம்பி வண்டியில் ஏறும் பெற்றோரும் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. கூலிமிலிருந்தோ பாடாங் செராயிலிருந்தோ கிளம்புவோர் தொடக்கப் பகுதியை மட்டும் தங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

இந்தப் பயணத்தில் டோலுக்கும் டோலுக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலைப் பகுதி சுமார் 50 கிலோமீட்டர்.

• மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால்: 33 நிமிடம்.
• சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமான 110இல் போனால்: 27 நிமிடம்.
• சட்டத்தை மீறி 130இல் போனால்: 23 நிமிடம்.

உயிரையும் லைசென்ஸையும் பணயம் வைத்து 130இல் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் லாபம் 4 நிமிடம். அந்த 4 நிமிடம் அலோர் ஸ்டாரின் முதல் இரண்டு சமிக்ஞை விளக்குகளிலேயே கரைந்துபோகும்.

குறுகிய பயணத்தில் நேரம் போவது இரண்டு முனைகளில்தான்: வீட்டிலிருந்து டோல் வரை, டோலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை. ஆகவே இரு முனைகளையும் நன்றாகத் திட்டமிடுங்கள். நடுவில் நிதானமாக ஓட்டுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியை நடைமுறைப்படுத்துவதற்கானவை.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பக்கத்தில் இருக்கும் பினாங்கில் சனியும் ஞாயிறும். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் திட்டம் போடுபவர்கள் மூடிய கதவின் முன்னால் போய் நிற்பார்கள், அல்லது நெரிசலில் மாட்டுவார்கள்.

1. அரசாங்க அலுவலகம், மருத்துவமனையின் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு போன்ற வேலைகள் என்றால் ஞாயிறு முதல் வியாழன் வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஞாயிற்றுக்கிழமை காலை கெடாவில் வாரத்தின் முதல் வேலை நாள். பள்ளி வண்டிகளும் வேலைக்குப் போகும் வண்டிகளும் ஒரே நேரத்தில் ரோட்டில் இருக்கும்.
3. வியாழன் மாலையில் வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் வீடு திரும்புவார்கள். உங்கள் திரும்பும் பயணம் அந்த நேரத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.
4. வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசல்களை ஒட்டிய சாலைகளில் வண்டிகள் இருபுறமும் நிற்கும். ஊருக்குள் அந்த நேரத்தைத் தவிருங்கள்.
5. ஹரிராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி நாள்களை ஒட்டிப் போவதென்றால், பிளஸ் நிறுவனம் வெளியிடும் பயண நேர ஆலோசனையை முதலில் பாருங்கள்.

குறிப்பு: வண்டி ஓட்டித்தான் ஆக வேண்டுமா என்றும் ஒரு முறை யோசியுங்கள். கொமுட்டர் ரயில் சுங்கை பட்டாணி, குரூண், கோபா, அலோர் ஸ்டார் நிலையங்களில் நிற்கிறது. தனியாகப் போகிறீர்கள், வேலையும் பட்டணத்துக்குள்தான் என்றால் ரயிலே போதும். நடக்க முடியாத பெரியவர்களை அழைத்துப்போவதற்கும் மூட்டை முடிச்சோடு போவதற்கும் கார் வசதி.

படி 2: வழியைத் தேர்ந்தெடுங்கள்

அலோர் ஸ்டாருக்கு இரண்டு வழிகள் உண்டு.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை: 1994 செப்டம்பர் 8ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்ட சாலை இது. அறிவிப்புப் பலகைகள் பச்சை நிறத்தில் இருக்கும். சுங்கை பட்டாணி செலாத்தான், சுங்கை பட்டாணி உத்தாரா, குரூண், பெண்டாங், அலோர் ஸ்டார் செலாத்தான், அலோர் ஸ்டார் உத்தாரா என்ற வரிசையில் நுழைவாயில்கள் வரும். உச்ச வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர். சில இடங்களில் பலகை அதைக் குறைத்துச் சொல்லும்.

பழைய ரோடு: முதலாம் எண் கூட்டரசுச் சாலை. பலகைகள் நீல நிறம். பீடோங், குரூண், குவார் செம்பெடாக், கோத்தா சாராங் செமுட், சிம்பாங் அம்பாட் வழியாகப் போகும். உச்ச வேகம் பொதுவாக 90. கம்பங்களுக்குள் அதைவிடக் குறைவு. டோல் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பட்டணத்திலும் சமிக்ஞை விளக்கு, குறுக்கே திரும்பும் மோட்டார்கள், செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகும் இயந்திரங்கள் எல்லாம் உண்டு.

எதை எடுப்பது?

• நேரம் குறித்த வேலை இருந்தால் நெடுஞ்சாலை.
• வழியில் குரூணிலோ குவார் செம்பெடாக்கிலோ யாரையாவது ஏற்ற வேண்டும், நேரமும் இருக்கிறது என்றால் பழைய ரோடு.
• பழைய ரோட்டில் எதிரே வரும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஒரு கோடுதான். முந்துவதில் அனுபவம் குறைந்தவர்களுக்கும் இரவில் ஓட்டுபவர்களுக்கும் நெடுஞ்சாலையே பாதுகாப்பு.

எந்த வழியில் போனாலும் மற்றதையும் மனத்தில் வைத்திருங்கள். நெடுஞ்சாலையில் விபத்தால் வண்டிகள் நின்றுவிட்டால், குரூணிலோ பெண்டாங்கிலோ வெளியேறிப் பழைய ரோட்டைப் பிடிக்கலாம். வெளியேறும் வழி தெரிந்தவருக்குப் பதற்றம் வராது.

படி 3: முந்தின நாள் மாலை செய்ய வேண்டியவை

காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் காலையில் செய்ய மாட்டோம். வெளிச்சம் இருக்கும்போதே கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. டயர். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றின் அளவைப் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். ஸ்பேர் டயரையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் சட்டப்படியே ஆகாது. மழைக் காலத்தில் அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.
2. சேறு. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் தினமும் ஓடும் வண்டிக்கு இது மிக முக்கியம். சக்கரத்தின் உட்புறம் ஒட்டிக் காய்ந்த சேறு, வேகம் கூடியதும் ஸ்டீயரிங்கை நடுங்க வைக்கும். தண்ணீர்க் குழாயால் உட்புறம் வரை அடித்துக் கழுவுங்கள். டயர்ப் பள்ளத்தில் சிக்கிய கற்களையும் நெம்பி எடுத்துவிடுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் அவை பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் அடிக்கும்.
3. விளக்கு. ஒருவரை வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் விளக்கு, சிக்னல், பின்விளக்கு எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள்.
4. வைப்பர். தண்ணீர் தெளித்து ஓட்டிப் பாருங்கள். கோடு கோடாகத் துடைத்தால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.
5. தண்ணீரும் எண்ணெயும். ரேடியேட்டர் தண்ணீர், எஞ்சின் எண்ணெய் இரண்டையும் எஞ்சின் ஆறிய பிறகு பாருங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.
6. பெட்ரோல். போக வர, ஊருக்குள் சுற்ற என 150 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் சிறு காருக்கு 10 லிட்டர். அரைத் தொட்டி இருந்தால் கவலை இல்லை. பூடி95 சலுகை விலையில் போட அடையாள அட்டை வேண்டும்; வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.
7. டச் அண்ட் கோ அட்டை. பிளஸ் டோலில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். இந்தப் பயணத்துக்கு ஒரு வழிக் கட்டணம் 10 வெள்ளிக்குள் அடங்கும். போக வரப் போதுமாகவும், தவறி அடுத்த வாயிலில் வெளியேறினால் சமாளிக்கவும் 30 வெள்ளி இருக்கட்டும். மீதத் தொகையை இன்றே பாருங்கள். எண்ணெய் நிலையத்தில் இன்றே நிரப்புங்கள். ஸ்மார்ட் டேக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் பேட்டரியையும், ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டியிருப்பவர்கள் கைப்பேசிப் பணப்பையில் உள்ள தொகையையும் பாருங்கள்.
8. தாள்கள். லைசென்ஸ், அடையாள அட்டை, மருத்துவமனை அட்டை, சந்திப்புக் கடிதம். லைசென்ஸ் மைஜேபிஜே செயலியில் இருந்தாலும் கைப்பேசிக்கு மின்னேற்றம் இருக்க வேண்டும். புதிய ஓட்டுநர்கள் வண்டியின் முன்னும் பின்னும் 'பி' ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை: எச்சரிக்கை முக்கோணம், ஜேக், டயர் கழற்றும் ஸ்பேனர், டார்ச் விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி, குடை, குடிதண்ணீர், கைப்பேசி மின்னேற்றி. பெரியவர்கள் வந்தால் அவர்களுடைய மாத்திரையும் கொஞ்சம் பிஸ்கட்டும். இனிப்பு நீர் உள்ளவர்கள் நெரிசலில் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார நேர்ந்தால் இந்த பிஸ்கட்தான் காப்பாற்றும்.

படி 4: நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

"ஏழு மணிக்குக் கிளம்பலாம்" என்று முன்னாலிருந்து எண்ணினால் கணக்குத் தவறும். போய்ச் சேர வேண்டிய நேரத்தைத் தாளில் முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பீடோங் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து, ஞாயிறு காலை 9 மணிக்கு அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

• 9.00: பதிவு மேசை.
• 8.30: மருத்துவமனை வாசல். வண்டி நிறுத்த இடம் தேடவும் நடந்து வரவும் அரை மணி.
• 8.00: அலோர் ஸ்டார் டோலில் வெளியேறுதல். வேலை நாள் காலை என்பதால் ஊருக்குள் அரை மணி.
• 7.25: சுங்கை பட்டாணி உத்தாரா டோலில் நுழைதல். நிதான வேகத்தில் 35 நிமிடம்.
• 6.55: வீட்டை விட்டுக் கிளம்புதல். தோட்டத்து ரோடும் டோல் வரையிலான சாலையும் சேர்த்து அரை மணி.
• 6.30: கனத்த மழைக்கோ நெரிசலுக்கோ 25 நிமிடம் கூடுதல்.

ஆக, வண்டி 6.30க்கு நகர வேண்டும். கெடாவில் சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு மேல்தான் என்பதால் முதல் அரை மணி இருட்டில் ஓட்டப்போகிறீர்கள். முந்தின இரவு நேரத்தோடு தூங்குவதும் இந்தத் திட்டத்தில் ஒரு படி. இரவு வேலை முடித்து வந்தவர் அப்படியே ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாது; வேறு ஆள் ஓட்டட்டும், அல்லது ரயிலில் போங்கள்.

குறிப்பு: கூடுதலாக வைத்த 25 நிமிடத்தை வீட்டிலேயே செலவழித்துவிடாதீர்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்கலாம்.

படி 5: வீட்டிலிருந்து டோல் வரை

1. எல்லாரும் இடைவார் போட்ட பிறகே வண்டியை நகர்த்துங்கள். பின்னிருக்கைக்கும் இது 2009 முதல் கட்டாயம். சிறு பிள்ளைகளுக்கான இருக்கை 2020 முதல் கட்டாயம். பாட்டியின் மடியில் பிள்ளையை உட்கார வைப்பது பாசமாகத் தெரியும். திடீரென்று பிரேக் அடித்தால் அந்தப் பிடி நிற்காது.
2. கைப்பேசியில் வழிகாட்டியைப் போட்டு, போய்ச் சேரும் இடத்தைப் பதிவு செய்துவிட்டு அதன் பிடியில் மாட்டுங்கள். ஓடும்போது அதைத் தொட வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடட்டும்.
3. தோட்டத்து ரோட்டில் விளக்கு இருக்காது. மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். வேலைக்குப் போகும் மோட்டார்களில் சிலவற்றுக்குப் பின்விளக்கு எரியாது. எவ்வளவு அவசரமானாலும் இங்கே மெதுவாகத்தான் போக வேண்டும்.
4. தார் ரோட்டில் ஏறியதும், பின்னால் வண்டி வராத இடத்தில் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்ல மிதித்துப் பாருங்கள். ஈரம் காயும்; பிரேக் பிடிக்கிறதா என்றும் தெரியும்.

படி 6: டோலில்

இந்தப் பகுதியில் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை பதிவாகும். ஓடிய தூரத்துக்கு வெளியேறும் இடத்தில் கட்டணம் கழியும்.

1. டோல் நெருங்குவதற்கு முன்பே உங்களுக்கு உரிய தடத்தைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நேரத்தில் தடம் மாறுவதுதான் டோலில் நடக்கும் உரசல்களுக்குக் காரணம்.
2. எதனால் நுழைந்தீர்களோ அதனால்தான் வெளியேற வேண்டும். அட்டையைத் தொட்டு நுழைந்துவிட்டு ஆர்.எஃப்.ஐ.டி. தடத்தில் வெளியேறினால் கணக்குக் குழம்பும். இரண்டு அட்டைகள் வைத்திருப்பவர்கள் பயன்படுத்தியதைத் தனியாக வையுங்கள்.
3. தடுப்பு உயரவில்லை என்றால் பின்னால் எடுக்காதீர்கள். அழைப்புப் பொத்தானை அழுத்தி ஊழியரின் உதவிக்குக் காத்திருங்கள்.
4. 'உத்தாரா' என்று அம்பு காட்டும் வடக்குத் திசையை எடுங்கள். 'செலாத்தான்' பக்கம் திரும்பினால் பினாங்கை நோக்கிப் போவீர்கள். அப்படி நேர்ந்தாலும் அடுத்த வாயில் வரை போய்த் திரும்பி வாருங்கள். நடுவில் வண்டியைத் திருப்ப வழியே கிடையாது.

படி 7: நெடுஞ்சாலையில்

நுழைதல். இணைப்புத் தடம் வேகம் கூட்டுவதற்காகப் போடப்பட்டது. சிக்னல் போட்டு, கண்ணாடியிலும் தோளுக்குப் பின்னாலும் பார்த்து, 80, 90க்கு வேகத்தைக் கூட்டி, இடைவெளி பார்த்து நுழையுங்கள். தடத்தின் முடிவில் போய் நின்றுவிடுவது புதிய ஓட்டுநர்கள் செய்யும் பெரிய தவறு. நின்ற இடத்திலிருந்து 110இல் வரும் வண்டிகளுக்கு நடுவே நுழைவது மிகவும் ஆபத்து.

தடம். இடது தடத்திலேயே இருங்கள். முந்துவதற்கு மட்டும் வலது தடம். முந்தியதும் இடதுக்கு வந்துவிடுங்கள். பின்னால் ஒருவர் விளக்கடித்து அவசரப்படுத்தினால் போட்டி வேண்டாம், வழி விடுங்கள்.

இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு பாலத்தையோ பலகையையோ தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அதே இடத்தைத் தாண்டினால் மிக நெருக்கமாகப் போகிறீர்கள். 110 வேகத்தில் இரண்டு வினாடி என்பது 60 மீட்டருக்குச் சற்று மேல். மழையில் இதை நான்கு வினாடி ஆக்குங்கள்.

மோட்டார்கள். நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை; அதனால் வேலைக்குப் போகிறவர்கள் பலர் ஓரமாக ஓட்டி வருவார்கள். மழை தொடங்கியதும் மேம்பாலங்களுக்கு அடியில் கூட்டமாக ஒதுங்குவார்கள். பாலம் நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்தை விட்டுச் சற்றுத் தள்ளி ஓட்டுங்கள்.

இடம் அறிதல். சாலையோரக் கிலோமீட்டர் எண்கள் தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயூ ஹீத்தாமில் சுழியத்தில் தொடங்குகின்றன. நீங்கள் வடக்கே போகப் போக எண் குறைந்துகொண்டே வரும். அவசர உதவி கேட்கும்போது "குரூண் தாண்டி எங்கேயோ" என்பதைவிட, எண்ணையும் திசையையும் சொன்னால் உதவி நேராக வந்து சேரும். பக்கத்தில் இருப்பவரை அவ்வப்போது எண்ணைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை உங்கள் இடது பக்கம் நெருங்கும்போது குரூண் ஓய்வுத்தலம் வரும். கழிவறை, உணவுக் கடை, எண்ணெய் நிலையம் எல்லாம் உண்டு. முக்கால் மணி நேரப் பயணத்துக்கு ஓய்வு எதற்கு என்று தோன்றும். பெரியவர்களோ கர்ப்பிணியோ சிறு பிள்ளைகளோ இருந்தால் பத்து நிமிடம் நிறுத்துங்கள். கொட்டாவி வந்தால் தனியாக இருந்தாலும் நிறுத்துங்கள். அதற்கான நேரத்தையும் படி 4இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழையும் புகையும்

கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கனத்துப் பெய்யும். ஜெராய் மலையடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே திரை விழுந்தது போல மழை இறங்கிவிடும்.

1. முதல் துளி விழுந்ததுமே வேகத்தைக் குறையுங்கள். காய்ந்த சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் சில நிமிடங்களில்தான் அதிகம் வழுக்கும்.
2. முகப்பு விளக்கைத் தாழ்ந்த ஒளியில் போடுங்கள். ஓடும் வண்டியில் நான்கு பக்கச் சிக்னலையும் சேர்த்துப் போடாதீர்கள். பலர் பாதுகாப்பு என்று நினைத்துப் போடுகிறார்கள். நீங்கள் தடம் மாறப்போவது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.
3. தேங்கிய நீரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் டயர் மிதக்கிறது என்று பொருள். பிரேக்கை மிதிக்காதீர்கள். எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.
4. வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் வழி தெரியவில்லை என்றால் அடுத்த ஓய்வுத்தலத்திலோ டோலிலோ ஒதுங்குங்கள். அவசரத் தடத்தில் ஒதுங்கினால், கண் தெரியாமல் வரும் லோரி உங்கள் மேலேயே வந்து ஏறலாம்.

பெண்டாங் நெருங்கும்போது மூடா சமவெளியின் நெல் வயல்கள் விரியும். காற்றைத் தடுக்க மரங்கள் குறைவு என்பதால் உயரமான வேன்களைப் பக்கக் காற்று தள்ளும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள். அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் நாள்களில் புகை சாலையைக் கடக்கும். புகை தூரத்தில் தெரியும்போதே வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை மூடி, தாழ்ந்த ஒளி போடுங்கள். புகைக்குள் திடீரென்று நிற்காதீர்கள், முந்தாதீர்கள்.

வண்டி நின்றுவிட்டால்

இந்தப் பகுதியை உங்களுடன் வருபவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. வண்டி ஓடும் நிலையில் இருந்தால் அடுத்த வெளியேற்றம் வரை மெதுவாகக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அவசரத் தடத்தில், இடது ஓரத்தை ஒட்டி நிறுத்துங்கள்.
2. நான்கு பக்கச் சிக்னலையும் போடுங்கள். இங்கேதான் அது தேவை.
3. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்பைத் தாண்டி நில்லுங்கள். வண்டிக்குள் உட்கார்ந்து காத்திருக்காதீர்கள். வண்டிக்குப் பின்னாலும் நிற்காதீர்கள்.
4. பாதுகாப்பாக நடக்க முடிந்தால் மட்டும் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு நன்றாகப் பின்னால் வையுங்கள்.
5. பிளஸ்லைன் 1800 88 0000 என்ற எண்ணை அழையுங்கள். கிலோமீட்டர் எண், திசை, வண்டியின் எண், எத்தனை பேர் என்று சொல்லுங்கள். காயமோ நெருப்போ இருந்தால் 999.
6. வலது சக்கரம் பஞ்சராகியிருந்தால் நீங்களே மாற்றாதீர்கள். உங்கள் முதுகு ஓடும் வண்டிகளை உரசிக்கொண்டிருக்கும். பிளஸ்ரோண்டா சுற்றுக்காவல் வண்டி வரும் வரை பொறுங்கள்.
7. நீங்கள் அழைக்காமலே இழுவை வண்டி ஒன்று வந்து நின்றால் உடனே தலையாட்டாதீர்கள். பிளஸ்லைனிடமும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 8: அலோர் ஸ்டாருக்குள்

1. செலாத்தான் வாயிலா, உத்தாரா வாயிலா என்பதை முந்தின நாளே வரைபடத்தில் பார்த்து எழுதி வையுங்கள். ஊரின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது மாறும்.
2. வெளியேற்றத்தைத் தவறவிட்டால் பின்னால் எடுக்கவே வேண்டாம். செலாத்தானை விட்டால் அடுத்து உத்தாரா இருக்கிறது. செலவு சில்லறைக் காசு, நேரம் சில நிமிடம்.
3. நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த கண்ணுக்கு 60 வேகம் மிக மெதுவாகத் தெரியும். டோல் தாண்டியதும் வேகமானியைப் பார்த்து ஓட்டுங்கள். உங்கள் உணர்வை நம்பாதீர்கள்.
4. மருத்துவமனை என்றால் நோயாளியையும் துணையாளரையும் வாசலில் இறக்கிவிட்டு, பிறகு நிறுத்த இடம் தேடுங்கள். நிறுத்திய இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

படி 9: திரும்பி வருதல்

போகும்போது இருந்த கவனம் திரும்பும்போது இருப்பதில்லை. வேலை முடிந்த களைப்பு, வயிறு நிறையச் சாப்பிட்ட மயக்கம், மதிய வெயில் மூன்றும் சேர்ந்தால் கண் சொருகும்.

• சாப்பிட்டதும் கிளம்பாமல் சற்று நடந்துவிட்டுக் கிளம்புங்கள்.
• வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து டயர்களைப் பாருங்கள்.
• டோல் அட்டையின் மீதத் தொகையை மறுபடி பாருங்கள்.
• இப்போது 'செலாத்தான்' அம்பு உங்களுக்கு உரியது.
• மாலையில் கிளம்பினால் வெயில் வலது பக்கத்திலிருந்து, அதாவது ஓட்டுநர் பக்கத்திலிருந்து அடிக்கும். வெயில் மறைப்பானைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள்.
• இருட்டுவதற்குள் தோட்டத்து ரோட்டை அடையும்படி கிளம்புங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: ஒரு பார்வையில்

• தூரம் குறைவு என்று டயரைப் பார்க்காமல் கிளம்புவது.
• தாமதமாகக் கிளம்பிவிட்டு, அதை நெடுஞ்சாலையில் ஈடுகட்டப் பார்ப்பது.
• டோல் முன்னால் போய் அட்டையைத் தேடுவது.
• ஊர் வரும் வரை வலது தடத்திலேயே ஓட்டுவது.
• கைப்பேசி அழைப்பை எடுக்க அவசரத் தடத்தில் நிறுத்துவது. அது உயிர் காக்கும் தடம். அழைப்பு அடுத்த ஓய்வுத்தலம் வரை காத்திருக்கும்.
• பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கு இடைவார் தேவையில்லை என்று நினைப்பது.

வீடு திரும்பியதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒரு நோட்டில் உண்மையான நேரங்களை எழுதி வையுங்கள்: வீட்டிலிருந்து டோலுக்கு எவ்வளவு, டோலிலிருந்து டோலுக்கு எவ்வளவு, டோலிலிருந்து வாசலுக்கு எவ்வளவு, என்ன கிழமை, மழையா வெயிலா. இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு படி 4இல் நான் கொடுத்த மாதிரிக் கணக்கு உங்களுக்குத் தேவைப்படாது. உங்கள் வீட்டுக்கும் உங்கள் வண்டிக்கும் உரிய கணக்கு உங்கள் கையில் இருக்கும். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வீட்டில் வண்டி ஓட்டும் மற்றவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.